புட்டா முடிந்த இடம்

வெம்பாக்கம்,
1 ஜூலை 2024

திரு. தென்னரசு அவர்களுக்கு,

பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம், தொழிலில் ஐந்து வருஷம் ‘டேய்’ என்று கூப்பிட்ட ஆளுக்கு ‘திரு’ போட்டு எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் துரை அண்ணனின் தறிக்கூடத்தில், அத்தனை பேர் முன்னால், நீங்கள் என்னை ‘அந்தப் பொண்ணு’ என்று சொன்னீர்கள். என் பேர் ஹெப்சிபா என்பது அந்த நேரத்தில் மறந்துவிட்டது போலிருக்கிறது. ஆகவே நானும் மரியாதையாகவே எழுதுகிறேன்.

இத்துடன் ஆபீஸ் சாவி இருக்கிறது. போர்டில் புரோகிராம் ஏற்றும் கருவியும் இருக்கிறது, அதன் ஒயரில் ஒன்று ஆடும், பிடித்துக்கொண்டு ஏற்ற வேண்டும். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி ஆசிரியை வேலை கிடைத்துவிட்டது. அம்மாவுடன் இருக்கிறேன். போன் செய்ய வேண்டாம். போனில் நீங்களும் கத்துவீர்கள், நானும் கத்துவேன். தாளில் கத்த முடியாது.

நடந்ததை நான் பார்த்த விதத்தில் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். ஜூன் பதினேழாம் தேதி திங்கட்கிழமை, துரை அண்ணனின் எட்டுத் தறிகளிலும் நம் ஜக்கார்டு பெட்டியில் புதுப் புரோகிராம் ஏற்றினோம். எந்த இழை மேலே எழும்ப வேண்டும் என்று முன்பு அட்டை சொன்னதை இப்போது நம் பெட்டி சொல்கிறது. செவ்வாய்க்கிழமையே பச்சையம்மாள் அக்கா தறியில் புடவையின் நடு உடம்பில், புட்டாப் பூக்கள் விழ வேண்டிய இடத்தில், டிசைன் தானாக முதலுக்குப் போய், முந்தானை விழ ஆரம்பித்துவிட்டது. ஒரு சாண் நெய்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் புடவை வீண். பிறகும் மூன்று நாள் அதே கதை. மற்ற ஏழு தறியில் ஒன்றும் இல்லை.

அப்புறம் நீங்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, டிசைனை முதலுக்குக் கொண்டுபோகிற ரீசெட்டைக் கூப்பிட்டது பட்டனைக் கவனிக்கிற ஃபங்ஷன், அதை எழுதியது அந்தப் பொண்ணு என்று சொன்னீர்கள். எனக்கு அந்தத் திரையைக் காட்டக்கூட இல்லை. முதலில் என்னிடம் சொல்லியிருக்கலாம், தனியாக. என் கோபம் எல்லாம் அது மட்டும்தான்.

பச்சையம்மாள் அக்காவை என்ன செய்தார்கள்? அதை மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

ஹெப்சிபா


ஆரணி,
5 ஜூலை 2024

ஹெப்சி,

உன் ‘திரு’வைப் பார்த்ததும் வருமான வரி நோட்டீஸோ என்று கவரைத் திருப்பி விலாசம் பார்த்தேன். நான் ‘நீ’ என்றுதான் எழுதுவேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள், ஏற்கனவே கோபத்தில்தானே இருக்கிறாய்.

‘அந்தப் பொண்ணு’ என்று சொன்னது தப்பு. வாய் தவறி வந்தது என்று எழுதலாம். உண்மையில் துரை அண்ணன் என் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு, “இன்னாப்பா ஒரே பேஜாரா கீது! பொட்டி தப்பா, பொம்பள கை தப்பா? ஒரே வார்த்தையில சொல்லு” என்று கேட்டார். எனக்குப் பயம். எட்டுப் பெட்டியையும் கழற்றிக் கொண்டுபோகச் சொல்லிவிடுவாரோ என்று பயம். அந்தப் பயத்தில் கைக்குக் கிடைத்த ஆள் நீ.

ஆனால் நான் சும்மா சொல்லவில்லை ஹெப்சி. முதல் புடவை வீணான அன்றே ரீசெட் ஃபங்ஷனுக்குள் ஒரு வரி சேர்த்திருந்தேன். பில்ட்-இன் ரிட்டர்ன் அட்ரஸ், அடைப்புக்குள் பூஜ்யம். கம்பைலருக்குள்ளேயே ஒளிந்திருக்கிற வசதி, எந்த லைப்ரரியிலும் இல்லை. துரை அண்ணனுக்குப் புரிகிற மாதிரி நான் சொன்னது இதுதான்: “அண்ணே, ரீசெட்னு ஒரு ஆளு. யாரு கூப்ட்டாலும் வருவான், வேலைய முடிச்சிட்டு கூப்ட்ட எடத்துக்கே திரும்பிப் போவான். அதனால திரும்பிப் போற விலாசம் அவன் சட்டப் பையில இருக்கும். பையில கை வுட்டுப் பாத்தா யாரு கூப்ட்டதுன்னு தெரிஞ்சிடும்.”

பார்த்தேன். மூன்று தடவை பதிவாகியிருந்தது. மூன்றிலும் விலாசம் உன் பட்டன் ஃபங்ஷனுக்குள் போய் விழுந்தது. அதைக் கூப்பிட்டவரையும் பார்த்துவிடலாம் என்று பூஜ்யத்தை ஒன்றாக்கிப் பார்த்தேன், போர்டே மயங்கி விழுந்துவிட்டது. மெஷின் பொய் சொல்லுமா? நீயே சொல்.

இனி நீ கேட்ட ஒரு வரி. எழுதக் கை வரவில்லை. துரை அண்ணன் பச்சையம்மாள் அக்காவைக் கூப்பிட்டு, “நீ பட்டன அழுத்துனியா இல்லியா?” என்று கேட்டார். அவங்க, “அழுத்தினேங்க, ஒண்ணு பின்னால போற பேக் பட்டன்தான்” என்றாங்க. “பாத்தியா, அழுத்தினேன்னு அதுவே ஒத்துக்குது. ரெண்டு பட்டனும் பக்கத்துல பக்கத்துல கீது, வெரல் மாறிப் போச்சி” என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பட்டன் என்று முதலில் ஆரம்பித்ததே நான்தானே.

தறியில் இப்போது சுற்றியிருக்கிற பாவு நூலில் இன்னும் ஒன்றரைப் புடவை பாக்கி. அது முடிந்ததும் அடுத்த பாவு அவங்களுக்கு இல்லையாம், தறி வேறு ஆளுக்கு. ஒரு வரியில் முடியவில்லை, மன்னித்துக்கொள்.

தென்னரசு


வெம்பாக்கம்,
9 ஜூலை 2024

தென்னரசு,

‘திரு’வை எடுத்துவிட்டேன். சமாதானம் என்று நினைத்துக்கொள்ளாதே, இந்தக் கடிதத்தில் திட்ட வேண்டியிருக்கிறது, ‘நீங்கள்’ போட்டுத் திட்ட எனக்கு வரவில்லை.

விரல் மாறிப் போச்சாம். நம் பெட்டியில் ரீசெட் ஆக வேண்டுமென்றால் இரண்டு பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி பிடிக்க வேண்டும். அது உனக்குத் தெரியாதா? எட்டுத் தறிக்கும் போய் அதை விளக்கிச் சொன்னதே நீதானே. எந்த விரல் மூன்று விநாடி மாறும்? இதை அங்கேயே சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்குத் தறி போயிருக்காது. உன் பயத்தைப் புரிந்துகொள்கிறேன், எனக்கும் எட்டுப் பெட்டியும் பிள்ளை மாதிரிதான். ஆனால் அவங்களுக்கு இருப்பது ஒரு தறி. பெரணமல்லூர்ப் பக்கமிருந்து காலையில் முதல் பஸ் பிடித்து வருகிறவங்க.

மெஷின் பொய் சொல்லாது. நாம் கேட்ட கேள்வி என்ன என்பதுதான் எனக்குச் சந்தேகம். ஒன்றைப் போட்டுப் போர்டு மயங்கியதற்கு உன்னைத்தான் அடிக்க வேண்டும். பூஜ்யத்துக்கு மேலே எந்த எண் போட்டாலும் என்ன ஆகும் என்று உத்தரவாதம் இல்லை, கையேட்டிலேயே போட்டிருக்கிறது. படிக்காமல் கை வைப்பது உன் குணம்.

எனக்கு மூன்று விஷயம் வேண்டும். அந்த விலாசம் என் ஃபங்ஷனில் எந்த வரிக்குப் பின்னால் விழுகிறது? ரீசெட்டைக் கூப்பிடும் வரி ஒன்று உண்டு, பேக்கைக் கூப்பிடும் வரி ஒன்று உண்டு. எது? அப்புறம், பதிவானபோது மொத்த ஊடை எண்ணிக்கை எவ்வளவு? நாடா எத்தனை தடவை போயிருக்கிறது என்று பெட்டி எண்ணுகிறதே, அந்த மூன்று எண்கள். அதோடு, கம்பைலர் கடைசியாக எழுதித் தள்ளிய மெஷின் கட்டளைகளை முழுக்க அச்செடுத்து அனுப்பு. இங்கே பள்ளிக்கூட லேப்பில் அதைப் பார்க்க ஒரு மென்பொருளும் கிடையாது, மாணவர்கள் மவுஸைக் கழற்றி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான்காவதும் ஒன்று இருக்கிறது. பச்சையம்மாள் அக்காவிடம் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் என்ன செய்தாங்க என்று கேள். அழுத்தினியா இல்லியா என்று கேட்காதே. சும்மா என்ன செய்தாங்க என்று கேள். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஹெப்சிபா


ஆரணி,
14 ஜூலை 2024

ஹெப்சி,

திட்டியதற்கு நன்றி. நிஜமாகத்தான் சொல்கிறேன். இரண்டு வாரமாக ஆபீசில் என்னைத் திட்ட ஆளில்லாமல் டீ கூட இறங்கவில்லை.

நேற்று தறிக்கூடத்துக்குப் போனேன். பச்சையம்மாள் அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாங்க. அது எனக்குத் தாங்கவில்லை. “உக்காருங்கக்கா” என்று சொல்லி நானும் தரையில் உட்கார்ந்தேன். நீ சொன்ன மாதிரியே கேட்டேன். அவங்க சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“புட்டாவ பாதியில வுட்டுட்டு சோறு துன்ன போவ எனக்கு மனசு வராதுங்க. எவ்ளோ பசியா இருந்தாலும் ஒரு புட்டா முடிச்சிட்டுத்தான் ஏந்துப்பேன். திரும்பி வந்து ஒக்கார சொல்ல, கடைசியா போட்ட ஊடைய ஒண்ணு பின்னால வாங்கி, மறுபடியும் போட்டு ஒரு அடி அடிச்சிப்பேன். அப்பதாங்க நின்ன எடத்துல கோடு வுழாது. தறியில ஒக்காந்த நாள்லருந்து அப்டிதான். அதுக்குதாங்க அந்த பேக் பட்டன அழுத்தினேன். வேற எதையும் தொடல. எங்கொழந்த மேல சத்தியமா தொடலீங்க.”

“இத அண்ணங்கிட்ட சொன்னீங்களாக்கா?”

“சொன்னேங்க. அழுத்துனியா இல்லியான்னாரு. அழுத்தினேன்னேன். அதுக்கு மேல யாரு கேட்டா?”

அவங்க அழவில்லை. பேசும்போதுகூட நாடாவைத் துடைத்துக்கொண்டே இருந்தாங்க.

இப்போது இன்னொரு சிக்கல். அன்றிலிருந்து அவங்க பேக் பட்டனைத் தொடுவதே இல்லை. பயம். மற்றவங்க மாதிரி மணி அடித்ததும் எங்கே நிற்கிறதோ அங்கேயே விட்டுவிட்டு எழுந்துவிடுகிறாங்க. ரீசெட்டும் ஆவதில்லை. துரை அண்ணன், “பாத்தியா, ஒரு அதட்டு போட்டதும் கை நேரா ஆயிடுச்சி” என்கிறார். நின்ன இடத்தில் கோடு விழுகிறது என்று அவங்க புடவையைத் தடவிக் காட்டினாங்க, எனக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை. அவங்களுக்குத் தெரிகிறது.

காலியாக இருந்த தறியில் உட்கார்ந்து, ஓர் ஊடை போடுவது, ஒரு பேக் என்று ஒரே இடத்தில் நானே பேக் பட்டனை இருநூறு தடவை அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக ஓர் ஊடை பின்னால் போனது. ஒன்றும் ஆகவில்லை. துரை அண்ணன் எட்டிப் பார்த்து, “பட்டன் தேஞ்சிடப் போவுது நைனா” என்றார்.

நீ கேட்டது: விலாசம் விழுவது பேக்கைக் கூப்பிடும் வரிக்குப் பின்னால். எனக்கும் உறுத்தியது. ஆனால் கம்பைலர் வரிகளை முன்னே பின்னே மாற்றிப் போட்டிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். மூன்று எண்கள்: 4320, 5616, 6768. அச்செடுத்த பக்கங்கள் பதினான்கு, கவரில் வைத்திருக்கிறேன். பாவில் இன்னும் முக்கால் புடவைதான் பாக்கி.

தென்னரசு


வெம்பாக்கம்,
17 ஜூலை 2024
(பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், தபாலுக்கு நேரமில்லை)

தென்னரசு,

கிடைத்துவிட்டது. ஒன்பதாம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு படி. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

முதலில் எண்கள். நம் புட்டா ஒன்றுக்கு நூற்று நாற்பத்து நான்கு ஊடை. 4320-ஐ வகுத்துப் பார், முப்பது. 5616, முப்பத்தொன்பது. 6768, நாற்பத்தேழு. ஒன்றில்கூட மீதி இல்லை. மூன்று தடவையும் ஒரு புட்டா சரியாக முடிந்த இடம். அக்கா சொன்னது அச்சு அசலாகப் பெட்டியிலேயே பதிவாகியிருக்கிறது. நீ இருநூறு தடவை அழுத்தியது எல்லாம் புட்டாவின் நடுவில்.

இப்போது உன் பேக் ஃபங்ஷன். நீ எழுதியது. அதில் முதல் வரி என்ன? ஊடை எண் பூஜ்யமாக இருந்தால் ரீசெட்டைக் கூப்பிடு. பின்னால் போக ஒன்றுமில்லை, முதலுக்கே போ என்று எழுதியிருக்கிறாய். எண் இப்போது புட்டாவுக்குள் எண்ணப்படுகிறது, ஆகவே ஒவ்வொரு புட்டா முடியும்போதும் பூஜ்யம் வரும். அந்த நேரம் பார்த்து பேக்கை அழுத்துகிற ஒரே ஆள் பச்சையம்மாள் அக்கா. எட்டுத் தறியில் ஒழுங்காக வேலை செய்தது அவங்க ஒருத்தர்தான், மாட்டிக்கொண்டதும் அவங்க ஒருத்தர்தான்.

அப்படியென்றால் விலாசம் ஏன் உன் ஃபங்ஷனைக் காட்டாமல் என்னுடையதைக் காட்டியது என்று கேட்பாய். ஒன்பதாம் பக்கத்தில் உன் ஃபங்ஷனின் அந்த இடத்தைப் பார். ரீசெட்டுக்கான கட்டளையில் ‘போய்விட்டு வா’ என்று இல்லை. ‘போ’ என்று மட்டும் இருக்கிறது. ரீசெட்டைக் கூப்பிடுவதுதான் உன் ஃபங்ஷன் செய்கிற கடைசி வேலை, திரும்பி வந்து அங்கே செய்ய ஒன்றுமில்லை. அதனால் கம்பைலர் சிக்கனம் பிடித்துவிட்டது. நான் உன்னைக் கடைக்கு அனுப்புகிறேன் என்று வைத்துக்கொள். நீ பாதி வழியில் இன்னொருத்தனைப் பிடித்து, “நீ வாங்கி நேரா அவகிட்டயே குடுத்துடு” என்று சொல்லிவிட்டுக் கழன்றுகொள்கிறாய். அவன் சட்டைப் பையில் என் விலாசம்தான் இருக்கும். உன்னுடையது எங்கேயும் இருக்காது.

அந்த பில்ட்-இன் உனக்குப் பொய் சொல்லவில்லை. திரும்ப எங்கே போக வேண்டும் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். யார் அனுப்பியது என்று அது சொன்னதாக நீதான் படித்துக்கொண்டாய், தறிக்கூடத்துக்கே படித்தும் காட்டினாய்.

செய்ய வேண்டியது இதுதான். கடைசி அழைப்பை வெறும் ‘போ’வாக மாற்றாதே என்று கம்பைலருக்குச் சொல்ல ஒரு ஆப்ஷன் இருக்கிறது. ‘நோ ஆப்டிமைஸ் சிப்ளிங் கால்ஸ்’, நீ எல்லாவற்றையும் மறந்துவிடுவாய் என்பதால் எப்படித் தட்டுவது என்று தனித் தாளில் எழுதியிருக்கிறேன். அதைப் போட்டு, பழைய பிழையோடேயே மறுபடி ஏற்று. அக்காவை அவங்க வழக்கப்படியே ஒரு தடவை செய்யச் சொல். ரீசெட் ஆகும். இந்தத் தடவை விலாசம் உன் பேக் ஃபங்ஷனில் விழும். அப்புறம் பிழையைத் திருத்தி ஏற்று, பூஜ்யத்தில் பின்னால் போனால் முந்தைய புட்டாவின் கடைசி ஊடைக்குப் போக வேண்டும்.

இதையெல்லாம் நீ தனியாக ஆபீசில் செய்து முடித்துவிட்டு, ‘சரியாயிடுச்சி அண்ணே’ என்று போய்ச் சொல்லக் கூடாது. எந்த இடத்தில் சொன்னாயோ அந்த இடத்தில், யார் முன்னால் சொன்னாயோ அவங்க முன்னால், என்ன நடந்தது, யாருடைய தப்பு என்று சொல்ல வேண்டும். எனக்காகக் கேட்கவில்லை. கொஞ்சம் எனக்காகவும்தான்.

ஹெப்சிபா


ஆரணி,
22 ஜூலை 2024

ஹெப்சி,

சொல்லிவிட்டேன்.

கடிதத்தைப் படித்ததும் ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ‘போ’தான். ‘போய்விட்டு வா’ இல்லை. மெஷின் பொய் சொல்லுமா என்று உனக்கு எழுதினேனே, அந்த வரியை நினைத்தால் கூசுகிறது.

சனிக்கிழமை போனேன். துரை அண்ணனிடம், ஒரு அரை மணி நேரம் எல்லாரும் நாடாவை வைத்துவிட்டு வாங்க என்றேன். “இன்னா, கூட்டம் போட்டு ஓட்டு கேக்கப் போறியா?” என்றார். வந்தார்கள். பச்சையம்மாள் அக்காவிடம், பழைய மாதிரியே ஒரு புட்டா முடித்துவிட்டு, எழுந்து போய் வந்து, பேக்கை அழுத்துங்க என்றேன். அவங்க கையைப் பின்னால் கட்டிக்கொண்டாங்க. “வாணாங்க. சேலை வீணாப் பூடும். கடசி சேலைங்க இது” என்றாங்க. உடனே நிறுத்திவிடலாம், ஓர் ஊடைகூட நெய்ய வேண்டாம், அப்படியே வீணானாலும் என் பொறுப்பு என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு உட்கார்ந்தாங்க. புட்டாவை முடித்தாங்க, எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாங்க. ஒரு விரலால், ஊசி முனையைத் தொடுகிற மாதிரி பேக்கைத் தொட்டாங்க.

திரையில் மொத்தம் பூஜ்யம் என்று வந்தது. துரை அண்ணன் பார்த்தார், எல்லாரும் பார்த்தார்கள். ஒரே பட்டன், ஒரே விரல். நான் லேப்டாப்பைத் திருப்பி விலாசத்தைக் காட்டினேன்.

“அண்ணே, இது நான் எழுதின ஃபங்ஷன். ஹெப்சிபா எழுதினது இல்ல. அன்னிக்கி நான் தப்பா படிச்சி தப்பா சொன்னேன். அக்கா வெரல் எங்கியும் மாறல. இந்தக் கூடத்துல கோடு வுழாம நெய்யறது அவங்க ஒருத்தங்கதான், அதனாலதான் இந்தத் தப்பு அவங்க கையில சிக்கிச்சி” என்றேன்.

துரை அண்ணன் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “அப்ப வீணாப் போன சேலை?” என்றார். “எங்கது” என்றேன். அப்புறம் பச்சையம்மாள் அக்காவைப் பார்க்காமல், தறியைப் பார்த்துக்கொண்டே, “புதன்கெழம புதுப் பாவு வருது. நீயே பொணச்சிக்கோ” என்றார். தறி அவங்களுக்கே என்பதுதான் அதற்கு அர்த்தம், அவர் வாயில் அதற்கு மேல் வராது. அவங்களுக்கு அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை, எனக்குப் போதவில்லை.

திருத்திய புரோகிராமை அங்கேயே ஏற்றினேன், ஆடுகிற ஒயரைப் பிடித்துக்கொண்டு. எண்ணைப் பழைய இடத்தில் வைத்துக் கொடுத்தேன். அக்கா மறுபடி பேக்கை அழுத்தினாங்க. ஓர் ஊடைதான் பின்னால் போனது. அதை மறுபடி போட்டு, ஓங்கி ஓர் அடி. துணியைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம், “அப்ப நான் பண்ணிக்கினு இருந்தது தப்பு இல்லதானுங்க?” என்று கேட்டாங்க. இல்லக்கா என்றேன். மூன்று தடவை கேட்டாங்க ஹெப்சி. மூன்று தடவையும் இல்லக்கா என்றேன்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். எண் புட்டாவுக்குள் எண்ணப்படுகிறது என்று நீ போகிற போக்கில் எழுதியிருந்தாய். எனக்கு அது தெரியாது. நான் பேக் ஃபங்ஷன் எழுதியபோது முழுப் புடவைக்கும் ஒரே எண்ணிக்கை, பூஜ்யம் வருவது புடவையின் ஆரம்பத்தில் மட்டும்தான். பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தேன். மார்ச் இருபத்தேழாம் தேதி மாறியிருக்கிறது, உன் பேரில். ‘ஒரு புட்டாவை மட்டும் வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறோம், மெமரி மிச்சம்’ என்று குறிப்பு. நீ என்னிடம் சொல்லியிருப்பாய், நான்தான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். துரை அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஒரு தடவை உன்னைக் கூட்டத்தில் நிறுத்தினது போதும். உன்னிடம் மறைக்க மனசில்லை, அவ்வளவுதான்.

சாவி என் மேஜையில் இருக்கிறது. நீ அனுப்பின கவரிலேயே இருக்கிறது, எடுக்கவில்லை.

தென்னரசு


வெம்பாக்கம்,
25 ஜூலை 2024

தென்னரசு,

உன் கடிதம் நேற்று வந்தது. முதல் பாதியைப் படித்து அழுதேன், அம்மா என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாங்க. இரண்டாவது பாதியை அம்மாவிடம் காட்டவில்லை.

நான் உன்னிடம் சொல்லவில்லை. நீ காதில் வாங்காமல் இல்லை, நான் சொல்லவே இல்லை. மார்ச் இருபத்தேழு புதன்கிழமை. மறுநாள் பெரிய வியாழன், அடுத்த நாள் புனித வெள்ளி. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஆபீஸ் கணினியில் மாற்றத்தைப் பதிந்துவிட்டு ஓடினேன், அது தறிக்குப் போனது ஜூனில்தான். அந்த எண்ணை வேறு யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும், வந்ததும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன். ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை வந்தபோது எனக்கு ஞாபகமே இல்லை.

இது எனக்கு இப்போது தெரிந்தது என்று நினைக்காதே. ஒன்பதாம் பக்கத்தைப் படித்தபோதே தெரிந்துவிட்டது. பதினேழாம் தேதி கடிதத்தில் அதைத்தான் ஒரே வரியில் போகிற போக்கில் எழுதினேன், நீ கவனிக்காமல் தாண்டிவிடுவாய் என்று. உன்னைக் கூட்டத்தில் போய்ச் சொல்லச் சொன்ன அதே கையால் எழுதினேன். நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை என்று ஒரு மாசம் நெஞ்சில் வைத்துக் குமைந்தவள் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீ சொல்ல மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அது உன் நல்ல மனசு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். துரை அண்ணனிடம், நீ நின்ற இடத்தில் நின்று. அதற்கு முன்னால் பச்சையம்மாள் அக்காவிடம், பக்கத்தில் உட்கார்ந்து. தான் செய்தது தப்பில்லையே என்று அவங்க மூன்று தடவை கேட்டாங்களே, அந்தக் கேள்வியை அவங்க வாயில் வைத்ததில் பாதி நான். அவங்க என்னைத் திட்டினால் திட்டட்டும். திட்ட மாட்டாங்க, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ பக்கத்தில் இரு. எனக்காகப் பேச வேண்டாம், சும்மா இரு. சாவியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நாளைக்குக் காலையில் இதைக் கண்டக்டரிடம் கொடுக்கிறேன். சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. ஒன்பது மணி பஸ்ஸில் கிளம்பினால் அக்கா அன்றைய புட்டாவை முடித்துவிட்டுச் சாப்பிட எழுந்துகொள்வதற்குள் வந்துவிடுவேன்.

ஹெப்சி